லைன் லயமான கதை

"ஹலோ, அம்மா... இங்கே லைன் சரியில்லை. அப்புறம் கூப்பிடுறேன்."

கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயிலுக்குக் காத்து நிற்கும் மகன் கைப்பேசியில் இப்படிச் சொல்லி வைத்துவிடுகிறான். வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுப் பாட்டியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான். "எந்த லயத்துல இருக்கானாம்?" என்று கேட்கிறார். வீடே சிரிக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தமிழர் வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால் நேயர்களே, சிரித்தவர்களைவிடப் பாட்டிதான் அந்தச் சொல்லின் வரலாற்றை நன்கு அறிந்தவர். பேரன் சொன்ன 'லைன்' என்பதும் பாட்டி கேட்ட 'லயம்' என்பதும் ஒரே சொல். ஒன்று தொலைபேசித் தொடர்பு, இன்னொன்று தோட்டத்து வீடு. ஓர் ஆங்கிலச் சொல் எப்படித் தமிழர்களின் வீடாக மாறியது? அந்த வீடு கடைசி வரை அவர்களுக்குச் சொந்தமாகாமல் போனது ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், மலேசியத் தமிழர்களின் வரலாற்றில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

நாரில் பிறந்த சொல்

நம் அன்றாடப் பேச்சில் இந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். கைப்பேசியில் அலை கிடைக்காவிட்டால் "லைன் இல்லை" என்கிறோம். முகப்பிடத்தில் "லைனில் நில்லுங்கள்" என்கிறார்கள். ஒருவரின் தொழிலைக் கேட்கும்போது "நீங்க எந்த லைன்?" என்கிறோம். தடையில்லை, போகலாம் என்பதற்கு "லைன் கிளியர்". பினாங்கில் பெயர்பெற்ற ஒரு நாசி கண்டார் கடைக்கே 'லைன் கிளியர்' என்றுதான் பெயர். இளைஞர்கள் 'லைன் போடுவது' என்ன என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை!

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வேர் லத்தீன் மொழிக்குப் போகிறது. ஆளி விதை தரும் ஆளிச் செடியை ரோமானியர்கள் 'லீனும்' என்றார்கள். அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. லினன் துணிக்கும் அதே வேர்தான். நூலை இழுத்துக் கட்டினால் அது நேராக நிற்கும். அதனால் நூலைக் குறித்த சொல் கோட்டைக் குறித்தது. கோடு எல்லையானது. எல்லை வரிசையானது. வரிசை பாதையானது. பிறகு தந்திக் கம்பி, தொலைபேசி, இணையம் என்று அது ஏறாத இடமில்லை.

இதே பாதையில் தமிழும் நடந்திருக்கிறது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவார். "நூல் பிடித்தாற்போல" என்று நாம் சொல்வது அதனால்தான். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டிக்கொடுப்பதுபோல மனத்தின் கோணலை அறிவு நூல் காட்டிக்கொடுக்கும் என்று நன்னூல் விளக்குகிறது. பஞ்சில் திரித்த நூலும் படிக்கிற நூலும் நமக்கு ஒரே சொல். 'வரி' என்றால் எழுத்து வரி. புலியின் உடம்பில் இருப்பதும் வரி. அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரி.

ஆனாலும் ஆங்கிலத்தின் 'லைன்' ஒன்றே செய்யும் வேலைகளைத் தமிழ் பல சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. வரைவது கோடு, ஆள்கள் நிற்பது வரிசை, ரயில் ஓடுவது பாதை, தொலைபேசியில் கிடைப்பது இணைப்பு. மலாய் மொழியும் அப்படியே. கோட்டுக்கு 'காரிஸ்', தொலைபேசிக்கு 'தாலியான்', அணிவகுப்புக்கு 'பாரிசான்'. நாம் தேசிய முன்னணி என்று தமிழில் சொல்லும் பாரிசான் நேஷனலில் இருப்பது அந்த அணிவகுப்புதான்.

எல்லையைக் குறிக்கும் 'லைன்' சில நேரங்களில் உயிரோடு விளையாடியிருக்கிறது. வேலைக்கு நாள் குறிக்கும்போது 'டெட்லைன்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். 1860-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, போர்க்கைதிகளை அடைத்த முகாம்களில் ஒரு கோடு குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்டிய கைதி சுடப்படுவான். அந்தக் கோட்டுக்குத்தான் முதலில் 'டெட்லைன்' என்று பெயர். 1947-இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் கோடு, ஒரு வழக்கறிஞர் சில வாரங்களில் வரைந்து கொடுத்தது. கோட்டை வரைபவர் ஒருவர், அதற்குள் வாழ்பவர் வேறொருவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மலாயாவுக்கு வருவோம்.

கிள்ளானுக்குப் போன முதல் லைன்

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த முதல் 'லைன்' ரயில் பாதை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை ஓடத் தொடங்கியது. ஆற்றின் மேல் பாலம் கட்டி 1890-இல் ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. பின்னர் அது கடற்கரை வரை நீண்டது. 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது.

அந்தத் துறைமுகம் வழியாகத்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்த பல்லாயிரம் பேர் மலாயா மண்ணில் கால் வைத்தார்கள். காடு வெட்டியதிலும் மண் அணைத்ததிலும் தண்டவாளம் பதித்ததிலும் தமிழர்களின் உழைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழர்கள் ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இந்தப் பாதையோடு வளர்ந்த ஊர். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. பிறகு செங்கல் கட்டடங்களாகவே கட்ட வேண்டும் என்று முடிவானது. அந்தச் செங்கல் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைக்குப் பின்னால் ரயில்வே வந்தது. ரயில்வேக்குப் பின்னால் அதன் ஊழியர்களின் குடியிருப்புகள் வந்தன. கோயில்களும் பள்ளிகளும் விவேகானந்தா ஆசிரமமும் அவர்களை அடுத்து வந்தன.

'லைன் கிளியர்' என்ற தொடரும் ரயில்வே தந்ததே. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதனால் அடுத்த நிலையம் 'பாதை காலி' என்று உறுதி சொன்ன பிறகே ரயிலை அனுப்புவார்கள். அந்த அனுமதியின் பெயர்தான் 'லைன் கிளியர்'. ரயில்வேக்காரர்களின் சொல் கடைத்தெருவுக்கு வந்து, எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது.

வேலைக்கு நிரை, வீட்டுக்கு லயம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. சிலாங்கூரில் காடுகள் தோட்டங்களாயின. காப்பார், பந்திங், கேரித் தீவு என்று கிள்ளானைச் சுற்றிலும் பால்மரங்கள் எழுந்தன. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் கொண்டுவந்தார்கள். 1910-இல் அதற்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணிகள் தங்கள் ஊருக்கும் உறவுக்கும் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடைவிதித்ததோடு அதுவும் முடிவுக்கு வந்தது.

வந்தவர்களைக் குடிவைக்கத் தோட்ட நிர்வாகங்கள் கட்டியவை ஒரே கூரையின் கீழ் நீளமாக ஓடும் அறை வரிசைகள். இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கூலி லைன்ஸ்' என்று பெயர். இந்தப் பெயருக்கு முன்மாதிரி ராணுவம். சிப்பாய்கள் தங்கிய வரிசைக் கொட்டில்களை ஆங்கிலேயர்கள் 'லைன்ஸ்' என்றார்கள். பினாங்கில் இன்றும் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயரில் ஒரு சாலை உண்டு. பாசறைக்குரிய சொல் தோட்டத்துக்கு வந்தது தற்செயல் அல்ல. காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு' என்பதும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். தோட்டத்து ஒழுங்கும் பாசறை ஒழுங்கும் ஒன்றாகவே இருந்தன.

'லைன்' என்பதை நம் மக்கள் 'லயன்' என்றார்கள். பிறகு அது 'லயம்' ஆனது. அறம் என்பதை அறன் என்றும், நிலம் என்பதை நிலன் என்றும் எழுதுவதை இலக்கணத்தில் கடைப்போலி என்று படித்திருப்போம். அதே பாங்கில் லயனும் லயமும் ஒன்றுக்கொன்று மாறி வழங்கின. சங்கீதம் தெரிந்தவர்கள் லயம் என்றதும் தாளத்தை நினைப்பார்கள். அது வடமொழி லயம்; தோட்டத்து லயம் வேறு. இலங்கை மலையகத் தமிழர்களும் இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். கடலால் பிரிந்த இரு நாடுகளில் ஒரே சொல் ஒரே வீட்டைக் குறிக்கிறது என்றால், இரு இடத்திலும் ஒரே முறைதான் மக்களை ஆண்டது என்று பொருள்.

லயம் எப்படி இருந்தது? ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. முன்னால் பொது வாசல். வெளியே எல்லார்க்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். பல இடங்களில் நடுத்தடுப்பு கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் சண்டை என்றால் வரிசை முழுவதற்கும் தெரியும். பக்கத்தில் ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை. சற்றுத் தள்ளிக் கிராணி வீடு. மேட்டில் துரை பங்களா. யார் எந்த உயரத்தில் இருந்தார்கள் என்பதை வீட்டின் இருப்பிடமே சொல்லிவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்மரத் தோட்டத்தில் ஒருவர் வெட்ட வேண்டிய மரங்களின் வரிசைக்குப் பெயர் 'நிரை'. "இன்னிக்கு என் நிரை தூரம்" என்பார்கள். ஆநிரை என்று சங்க இலக்கியத்தில் வரும் அதே பழந்தமிழ்ச் சொல். அதாவது உழைத்த வரிசைக்குத் தமிழ்ப் பெயர். குடியிருந்த வரிசைக்கு ஆங்கிலப் பெயர். மரத்தை அவர்கள் அறிவார்கள். எந்தப் பக்கம் கத்தி இறங்க வேண்டும், பட்டையை எவ்வளவு சீவினால் மரம் தாங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆகவே அதற்குத் தம் சொல்லையே வைத்தார்கள். வீடோ நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அதன் பெயரும் கணக்குப் புத்தகத்திலிருந்தே வந்தது.

என்றாலும் அந்த லயத்தை மக்கள் வெறும் கொட்டிலாக விட்டுவிடவில்லை. வாசலில் கோலம் போட்டார்கள். பின்னால் கறிவேப்பிலையும் முருங்கையும் நட்டார்கள். கோழியும் ஆடும் வளர்த்தார்கள். திருவிழாவுக்குப் பந்தல் போட்டார்கள். பிள்ளை பிறந்ததும் பெரியவர்கள் இறந்ததும் அங்கேதான். துரை பார்த்தபோது அது ஒரு வரிசை. குடியிருந்தவர்களுக்கு அது ஊர்.

கோட்டைத் தாண்டிய 1941

தோட்டம் தனியார் நிலம். அதன் எல்லைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைத் தீர்மானித்தவர் மேலாளர். இந்தக் கோட்டுக்கு எதிராக எழுந்த பெரிய குரல் கிள்ளானில்தான் கேட்டது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளர்களை ஒன்று திரட்டியது. சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. ஆனால் கோரிக்கைப் பட்டியல் சம்பளத்தோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, ஒழுங்கான மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் தோட்டத்து அதிகாரிகள் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்துவது ஆகியவையும் அதில் இருந்தன.

இன்றைய தலைமுறை நம்ப முடியாத இரண்டு கோரிக்கைகளும் அதில் உண்டு. ஒன்று, வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மற்றொன்று, உற்றார் உறவினர்களும் நண்பர்களும் தொழிலாளர்களைத் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து பார்க்க அனுமதி வேண்டும். தன் வீட்டுக்குத் தன் மாமனும் மச்சானும் வந்துபோவதற்கு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்றால், அந்த வீடு யாருடையது என்று கேட்கவே வேண்டாம்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ராணுவம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அனுப்பப்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் அடக்கப்பட்டது. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று ஒருமுறை சொல்லிவிட்ட மக்களின் முதுகு பழையபடி வளையவில்லை.

திரும்பி வராதவர்கள் போட்ட லைன்

அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தனர். ரப்பருக்குச் சந்தை இல்லாமல் போனது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அந்த நேரத்தில் வந்தது இன்னொரு 'லைன்'. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமான ரயில் பாதை. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர்கள். சிலர் நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனார்கள்; பலர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். ஜப்பானியருக்கு ஆள் சேர்ப்பது எளிதாக இருந்தது. ஏனென்றால் லயத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். ஆள் கணக்கு ஏற்கெனவே தோட்ட அலுவலகத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. பாதை போடப் போன போர்க்கைதிகளில் இறந்தவர்களுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக, பசும்புல் தரையில், பராமரிக்கப்படுகின்றன. அதே பாதையில் விழுந்த தமிழர்களுக்கு அப்படி வரிசையும் இல்லை, பெயர் பொறித்த கல்லும் இல்லை. சயாம் மரண ரயில் என்று நாம் சொல்லும் பெயரும் அவர்களுக்கு நாம் எழுப்பிய கல்தான்.

லயம் போனது, நிலம் வரவில்லை

போர் முடிந்தது. 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடப்பட்ட நிலத்தில் பழைய ஆள்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் லயமும் போகும். இதுதான் அந்த வீட்டின் அடிப்படை விதி. லயம் தொழிலாளியின் வீடல்ல, வேலையின் வீடு. நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர்கூட ஓய்வு பெற்றால், வீட்டில் வேறொருவர் தோட்டத்து வேலையில் இல்லாவிட்டால், அறையைக் காலி செய்தாக வேண்டும்.

இதை முன்கூட்டியே உணர்ந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களையே தோட்ட முதலாளிகளாக்க முனைந்தது. 100 வெள்ளிப் பங்கு; அதைத் தவணையாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் மக்களிடம் பேசினார் சம்பந்தன். 1961-இல் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன. இன்று பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் பூ வாங்கப் போகும் எத்தனை பேருக்கு, லயத்தில் இருந்தவனுக்கு நிலம் வேண்டும் என்று அவர் அலைந்தது நினைவிருக்கும்?

ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வீட்டுடைமைத் திட்டம் வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுகளிலிருந்து பேசப்பட்டு வந்தது. ஆனால் அது நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதே தவிரக் கட்டாயமாக்கப்படவில்லை. இதற்கிடையே நகரம் தோட்டங்களை நோக்கி வந்துவிட்டது. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். பண்டார் உத்தாமா எழுந்தது எபிங்காம் தோட்டத்தில். பங்சார் என்ற பெயரே பூஞ்சே, கிரிசார் என்ற இரண்டு ரப்பர் முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்து உண்டானது. பால்மரம் நின்ற இடத்தில் மாடிவீடுகள் எழுந்தன. அந்த மரத்தை வெட்டியவர்களில் எத்தனை பேர் அங்கே வீடு வாங்க முடிந்தது?

1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக மாபெரும் அரங்கம் எழுந்த புக்கிட் ஜாலிலும் தோட்டமாக இருந்த இடம்தான். அங்கே எஞ்சியிருந்த சில குடும்பங்கள், தலைமுறைகளாக உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ளச் சிறிதளவு நிலம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடின. 2011-இல் அவர்களை வெளியேற்ற எடுத்த நடவடிக்கை நாடு முழுவதும் பேசப்பட்டது.

தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களில் பலர் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆற்றோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டார்கள். 2005-க்குள் புறம்போக்கு வீடுகளே இல்லாத மாநிலமாக வேண்டும் என்று சிலாங்கூர் அரசு குறிக்கோள் வைத்தபோது அந்தக் குடிசைகளும் உடைந்தன. மாற்று இடமாகப் பலருக்குக் கிடைத்தது 'ரூமா பாஞ்சாங்'. ஒரே கூரையின் கீழ் பலகைத் தடுப்புகளோடு நீளமாக ஓடும் தற்காலிக வீட்டு வரிசை. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வரிசைகளில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பள்ளியும் முடித்தார்கள். பெயர் மலாயில் மாறியிருந்தது. ஆனால் அது வேறென்ன, லயம்தானே?

ரயில்வே ஊழியர்கள் நிலையும் பெரிதாக வேறுபடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் அரசாங்கத்தின் சொத்து. வேலை இருக்கும் வரை வீடு. 2001-இல் பழைய ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010-இல் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவாக அலங்கரிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே அந்தச் செங்கல் வீடுகள் இடிபட்டன. வளைவும் விளக்கும் வந்தன. வரிசை வீடுகள் போயின.

நகரும் கோடு

இன்றைக்கு நம் வாழ்வில் கணக்கில் வரும் இன்னொரு 'லைன்' உண்டு. அது வறுமைக் கோடு. 2020 ஜூலையில் மலேசியப் புள்ளிவிவரத் துறை இந்தக் கோட்டை மாற்றி வரைந்தது. ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்றிருந்த வறுமைக் கோட்டு வருமானம் 2,208 வெள்ளியானது. 2016-இல் 0.4 விழுக்காடு குடும்பங்களே ஏழைகள் என்று சொல்லப்பட்ட நாட்டில், புதிய கோட்டின்படி 2019-க்கான கணக்கு 5.6 விழுக்காடாக வந்தது. ஓர் இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை. நேற்று வரை கோட்டுக்கு மேலே இருப்பதாக எழுதப்பட்டவர்கள் உண்மையில் எங்கே இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மாதம் ஆயிரம் வெள்ளியில் நகரத்தில் குடும்பம் நடத்தியவரை ஏழையில்லை என்று அதுநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான்.

லயமும் இப்படித்தான். கோடு போட்டவர் பார்வையில் அது ஒன்றாகவும், அதற்குள் வாழ்ந்தவர் பார்வையில் வேறாகவும் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020-இல் நடப்புக்கு வந்தது. தோட்டம் மட்டுமின்றித் தொழிற்சாலை, கட்டுமானம் என எல்லாத் துறைகளுக்கும் அது விரிந்தது. இன்று செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலை விடுதிகளிலும் வரிசை அறைகளில் படுத்திருப்பவர்கள் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். அவர்களுக்கும் வேலை போனால் இடம் போகும். நம் முன்னோர் இருந்த வரிசையில் இன்று நிற்பவர்களைப் பார்க்கும்போது, நமக்கு அந்த வரிசையின் நீளம் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

'லயம்' என்ற சொல் மெல்ல மறைந்து வருகிறது. தோட்டங்களின் பெயர்கள் வரைபடத்திலிருந்து போய்விட்டன. பல குடும்பங்களில் பெரியவர்களின் பிறப்புப் பத்திரத்தில் 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் மட்டும் அந்தப் பெயர் எஞ்சியிருக்கிறது. அங்கே குடியிருந்ததற்கு வேறு ஆவணம் கிடையாது. நிலப்பட்டா இல்லை, வீட்டுப் பத்திரம் இல்லை. இருப்பது பெரியவர்களின் ஞாபகம் ஒன்றுதான். எந்தத் தோட்டம், எத்தனை வீட்டு லயம், பக்கத்து அறையில் யார், எந்த வருடம் வெளியே வந்தார்கள், எவ்வளவு காசு கொடுத்தார்கள் என்பதை எழுதி வைக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்க வேண்டும். நிலம் கேட்கப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது ஆதாரம் என்பதைப் பல தோட்டத்து மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை கைப்பேசியில் லைன் இல்லை என்று யாராவது சொல்லும்போது, "எந்த லயத்துல இருக்கானாம்?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எந்த லயத்துல இருந்தீங்க, பாட்டி?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு தாளையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள்.